ஆண்ட்ராய்டு திறந்துவைத்த வழிகள்: சிறு வணிகர்களுக்கான மொபைல் மார்க்கெட்டிங் வழிகாட்டி

2015 மே மாதம் மின்த்ரா தன் இணையதளத்தை மூடியது. துணி வாங்க வேண்டுமென்றால் ஆப்பை இறக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று அறிவித்தது. அதற்குச் சற்று முன், மார்ச் மாதமே ஃப்ளிப்கார்ட் தன் மொபைல் தளத்தை நிறுத்திவிட்டு, வந்தவர்களை ஆப் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே ஃப்ளிப்கார்ட் லைட் என்ற பெயரில் மொபைல் தளம் திரும்பி வந்தது. மின்த்ராவும் 2016இல் முதலில் மொபைல் தளத்தையும், ஜூன் மாதம் கணினித் தளத்தையும் மறுபடி திறந்தது. போனில் இடம் இல்லாதவர், ஒரே ஒரு சட்டைக்காக ஆப் இறக்க மனமில்லாதவர், ஆபீஸ் கணினியில் பார்த்துவிட்டு வாங்குகிறவர் என்று பலரும் மூடிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்கிறேன். காரணம், சிறு வணிகர்கள் பலர் “எங்களுக்கு ஒரு ஆப் வேண்டும்” என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். மார்க்கெட்டிங்குக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் அதிலேயே கரைந்துபோகிறது. ஆனால் ஆண்ட்ராய்டு என்ற திறந்த மொபைல் தளம் நமக்குத் தந்திருக்கும் பெரிய வாய்ப்பு வேறு: வாடிக்கையாளரின் போனுக்குள் போக ஏழெட்டு வழிகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவற்றை எந்த வரிசையில் எடுத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆப் ஏழாவதாக வரும்.

ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு குடும்பம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். கடைக்கு நேரில் வருகிறவர்கள் பாதி, போன் செய்து பார்சலில் வரவழைப்பவர்கள் பாதி. ஆள் பலம் மூன்று பேர். விளம்பரத்துக்கென்று பெரிய பணம் கிடையாது.

எது திறந்தது, எது திறக்காதது

2007 நவம்பர் 5 அன்று கூகுள் உட்பட 34 நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்து ஆண்ட்ராய்டை அறிவித்தன. அதன் அடிப்படை நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, போன் தயாரித்து விற்கலாம். சாம்சங்கும் ஷாவ்மியும் விவோவும் அப்படித்தான் செய்கின்றன. அமேசானின் ஃபயர் டேப்லெட்டும் அதே நிரலிலிருந்து வளர்ந்ததுதான். போட்டியால் விலை இறங்கியது. இன்று இந்தியாவில் பத்து ஸ்மார்ட்போனுக்கு ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு.

ஆனால் ஆண்ட்ராய்டின் நிரல் திறந்தது என்றால் ப்ளே ஸ்டோரும் திறந்தது என்று பொருள் இல்லை. அது கூகுளின் சொந்தக் கடை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்த வேறுபாடு சார்ந்த வழக்கில்தான்: திறந்த தளத்தின் மேல் தன் சொந்த ஆப்களை முன்கூட்டியே ஏற்றித் தரும்படி போன் தயாரிப்பாளர்களை நிர்ப்பந்தித்தது என்பது குற்றச்சாட்டு.

மார்க்கெட்டிங் செய்கிறவருக்கு இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம். இணையம், கியூஆர் கோடு, யூபிஐ, ஓஎன்டிசி (விற்பவர், வாங்குபவர் ஆப்களை இணைக்கும் வணிக வலையமைப்பு, படி 9இல் வரும்) இவையெல்லாம் பொது விதிப்படி இயங்குபவை. ஒரே ஆப் நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. வாட்ஸப், இன்ஸ்டாகிராம் போன்றவை சந்தை மாதிரி. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, கடை போட வேண்டியதுதான். ஆனால் சுங்கம் எவ்வளவு, கடை எந்த மூலையில் என்பதைச் சந்தைக்காரர்தான் முடிவு செய்வார். அங்கே கிடைக்கும் வாடிக்கையாளரை உங்கள் சொந்த இடத்துக்கு அழைத்து வருவதுதான் கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் நோக்கம்.

படி 1: வாடிக்கையாளரின் போனைக் கையில் வாங்கிப் பாருங்கள்

உங்கள் போனில் பார்க்காதீர்கள். கடையில் எண்ணெய் வாங்க வரும் ஒரு அம்மாவின் போனை, அவர் அனுமதியோடு, ஐந்து நிமிடம் பாருங்கள். எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது, எந்தப் பணப்பரிமாற்ற ஆப் வைத்திருக்கிறார், எழுத்தின் அளவை எவ்வளவு பெரிதாக்கியிருக்கிறார், வாட்ஸப்பில் எழுதுகிறாரா, பேசி அனுப்புகிறாரா. பத்துப் பேரிடம் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். அப்புறம் விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கிக் கடையில் வையுங்கள். இனி நீங்கள் உருவாக்கும் எதையும் முதலில் அந்தப் போனில் திறந்து பார்க்க வேண்டும், அதுவும் வைஃபை இல்லாமல்.

படி 2: சொந்த முகவரி ஒன்று

கடை பெயரில் ஒரு இணைய முகவரி பதிவு செய்யுங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். பெயர் சிறியதாக, வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்ளும்படி இருக்கட்டும். அதில் ஒரே ஒரு பக்கம் போதும்: என்ன விற்கிறீர்கள், இன்றைய விலை, அழைக்கும் எண், வாட்ஸப் பொத்தான், பணம் கட்டும் பொத்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அச்சடிக்கும் எதிலும் உங்கள் சொந்த முகவரியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. கூகுள் பல ஆண்டுகளாக இலவசமாகத் தந்துவந்த ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க் என்ற சேவை 2025 ஆகஸ்ட் 25 அன்று நிறுத்தப்பட்டது. ஆப் இருந்தால் ஆப்பிலும், இல்லையென்றால் இணையதளத்திலும் திறக்கும் அருமையான லிங்க் அது. அந்த லிங்க்கை அட்டைப்பெட்டியிலும் பேனரிலும் அச்சடித்திருந்தவர்களுக்கு அன்றோடு அது வெறும் எழுத்தாகிவிட்டது. சொந்த முகவரி என்றால் பின்னால் எந்தச் சேவை மாறினாலும், லிங்க் எங்கே போக வேண்டும் என்பதை நீங்களே திருப்பிவிடலாம்.

படி 3: கியூஆர் கோடு, கவனமாக

1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம், கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது கியூஆர் கோடு. காப்புரிமை கையில் இருந்தும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டார்கள். அந்த ஒரு முடிவால்தான் இன்று இளநீர்க் கடையிலும் அது தொங்குகிறது. செலவில்லாத, எல்லாக் கேமராவுக்கும் புரிகிற ஒரு கதவு. பெரும்பாலோர் இதைப் பணம் வாங்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். இதன் மார்க்கெட்டிங் பயன் அப்படியே கிடக்கிறது.

நம் எண்ணெய்க் கடையில் கியூஆர் கோட்டுக்குச் சிறந்த இடம் டின்தான். எண்ணெய் தீரும் நாளில், சமையலறையில், வாடிக்கையாளரின் கண் முன்னால் இருப்பது அது ஒன்றுதான். “தீர்ந்துவிட்டதா? இதை ஸ்கேன் செய்தால் அடுத்த டின் வரும்” என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.

சில நுணுக்கங்களைப் பார்ப்போம். எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கும் டின்னுக்கு 3 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு 10 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். டிசைன் செய்கிறவர் அழகுக்காக அந்த வெள்ளையை வெட்டிவிடுவார், விடாதீர்கள். கியூஆர் கோட்டில் பிழை தாங்கும் அளவு நான்கு வகை உண்டு. அதிகபட்ச வகையில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும். எண்ணெய் பட்டுக் கறையாகும் டின்னுக்கு அந்த வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் தாங்குதிறன் கூடினால் கட்டங்களும் கூடும், சின்ன ஸ்டிக்கரில் நெருக்கமாகிவிடும். அதைச் சமாளிக்க லிங்க் சிறியதாக இருக்க வேண்டும். சிறிய முகவரி வாங்கச் சொன்னது இங்கேயும் உதவுகிறது. அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு ஸ்டிக்கரில் எண்ணெய் தடவி, அந்தப் பழைய போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு இடத்துக்கும் லிங்க்கின் கடைசியில் தனி வால் (அடையாளக் குறிப்பு) கொடுங்கள். டின்னில் ஒட்டியதற்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, கடை வாசலுக்கு ஒன்று, திருவிழா பேனருக்கு ஒன்று. நான்கும் ஒரே பக்கத்துக்குப் போகலாம். ஆனால் யார் எங்கிருந்து வந்தார் என்பது தனித்தனியாக எண்ணிக்கையில் தெரியும். இலவசமாக கியூஆர் செய்து தரும் தளங்கள் சில, தங்கள் முகவரியை உள்ளே வைத்துவிட்டு, சில வாரம் கழித்துப் பணம் கேட்கும். செய்து முடித்ததும் ஸ்கேன் செய்து, உள்ளே இருப்பது உங்கள் முகவரிதானா என்று பார்த்துவிடுங்கள்.

படி 4: பணம் கட்டுவதைப் பேச்சோடு சேர்த்துவிடுங்கள்

2016இல் யூபிஐ வந்தபோது, எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த ஆப் வழியாகவும் எவருக்கும் பணம் அனுப்பலாம் என்ற பொது விதிதான் அதன் பலம். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களை அது முதன்முறையாகத் தாண்டியது. வங்கிக் கணக்கிலிருந்து வணிகருக்குப் போகும் சாதாரண யூபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து வணிகர் கட்டணம் கிடையாது.

கியூஆர் கோட்டில் ஒரு சங்கடம் உண்டு. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால், அதே போனில் இருக்கும் படத்தை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது? படத்தைச் சேமித்து, பணம் கட்டும் ஆப்பில் ஏற்றி என்று நான்கு வேலை. பாதியில் விட்டுவிடுவார்கள். இதற்கு வழி யூபிஐ லிங்க். பெறுபவரின் யூபிஐ முகவரி, பெயர், தொகை, குறிப்பு நான்கும் அதற்குள் இருக்கும். ஆண்ட்ராய்டில் அதைத் தொட்டால் போனில் உள்ள பணம் கட்டும் ஆப்கள் எல்லாம் வரிசையாக வரும், பிடித்ததைத் தொட்டால் தொகை நிரம்பியபடி திறக்கும். அவர் எந்த ஆப் வைத்திருக்கிறார் என்று நாம் கேட்க வேண்டியதே இல்லை. தளம் திறந்திருப்பதன் பலன் வாடிக்கையாளரின் கைக்கு நேரடியாகப் போய்ச் சேருவது இங்கேதான்.

வாட்ஸப் செய்தியில் யூபிஐ லிங்க்கை அப்படியே ஒட்டினால் அது தொடக்கூடிய லிங்க்காக வராது, வெறும் எழுத்தாகவே நிற்கும். அதனால் உங்கள் பக்கத்தில் “5 லிட்டர் கடலை எண்ணெய்க்குப் பணம் கட்ட” என்று பொத்தான் வைத்து, அந்தப் பக்கத்தின் முகவரியை வாட்ஸப்பில் அனுப்புங்கள். இன்னொன்று, தனிநபர் யூபிஐ முகவரிக்கு லிங்க் வழியாக வரும் பணத்தைச் சில ஆப்கள் மறுத்துவிடும்; வங்கியில் கேட்டு வணிகக் கணக்கு முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வந்ததா என்பதை உங்கள் கணக்கில் மட்டும் பாருங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சரக்கு அனுப்பாதீர்கள்.

படி 5: தமிழில் இருப்பது, தமிழில் கிடைப்பது

பக்கத்தைத் தமிழில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மக்கள் தேடும் விதத்தையும் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல் தட்டச்சு தமிழுக்கு வந்தது. அதற்குப் பிறகு தட்டச்சு பழகாதவர்கள்கூட “செக்கு எண்ணெய் எங்க கிடைக்கும்” என்று போனிடம் பேசியே தேடுகிறார்கள். இன்னொரு கூட்டம் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடும். உங்கள் பக்கத்தில் மூன்றும் இருக்கட்டும்: எழுத்துத் தமிழில் பெயர், பேச்சுவழக்கில் நான்கைந்து கேள்வியும் பதிலும், ஆங்கில எழுத்தில் பெயர். கூகுளின் விளம்பரச் சேவை 2018 பிப்ரவரியில் தமிழுக்கும் வந்தது. காங்கேயத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்கு மட்டும் தமிழ் விளம்பரம் போடுவது சிறிய தொகையிலேயே முடியும்.

குரலில் தேடுகிறவர் குரலில் பேசவும் விரும்புவார். வாட்ஸப் பிசினஸில் வரும் ஆர்டர்களில் குரல் செய்தி கணிசமாக இருக்கும். அதற்கு எழுத்தில் பதில் அனுப்பாமல் குரலிலேயே பதில் சொல்லுங்கள். “அம்மா, உங்க டின் இன்னிக்கு கிளம்பிருச்சு” என்ற பத்து நொடிப் பேச்சுக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

படி 6: ஆப் இல்லாமல் ஆப்

உங்கள் இணையப் பக்கத்தையே போனின் முகப்புத் திரையில் ஐகானாக உட்கார வைக்கலாம். ப்ரோகிரஸிவ் வெப் ஆப் என்பார்கள். பாதுகாப்பான இணைப்பு வேண்டும். கடை பெயர், ஐகான், நிறம் ஆகியவற்றைச் சொல்லும் ஒரு சின்னக் கோப்பு வேண்டும். இணைப்பு இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க உதவும் ஒரு சிறு நிரல் வேண்டும். வெப் டிசைன் தெரிந்த ஒருவருக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. முகப்பு ஐகானுக்குக் கீழே வரும் பெயர் சில எழுத்துகளுக்கு மேல் போனால் வெட்டிவிடும், அதனால் “செக்கு எண்ணெய்” மாதிரி சுருக்கமாக வையுங்கள்.

ஃப்ளிப்கார்ட் லைட் இந்த வகைதான். முகப்பு ஐகான் வழியாக வந்தவர்களிடம் வாங்கும் விகிதம் 70 சதவீதம் அதிகமாக இருந்தது என்று அப்போது வெளியான ஆய்வுக் குறிப்பு சொல்கிறது. ஐகான் வைத்துக்கொள்கிறவர் ஏற்கெனவே விரும்பி வருகிறவர் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அப்படியும் ஒரு டின் எண்ணெயை ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் குடும்பத்துக்கு இது சரியான அளவுச் சட்டை. போனில் அதிக இடம் பிடிக்காது. யாருடைய கடையிலும் அனுமதி வாங்க வேண்டாம்.

எப்போது கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பக்கம் திறந்ததும் “ஐகான் சேர்க்கவா” என்று குறுக்கே நிற்காதீர்கள். முதல் டின் கைக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டாவது முறை வாங்க வருகிறாரே, அப்போது கேளுங்கள். ஐபோன்காரர்களுக்கும் இது வேலை செய்யும். 2023இல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல், முகப்பில் சேர்த்த வெப் ஆப்புக்கு அறிவிப்பு அனுப்பவும் முடிகிறது.

படி 7: இப்போது ஆப் வேண்டுமா என்று கேளுங்கள்

வாரம் ஒருமுறையாவது திறப்பார்களா? போனின் வேறு வசதிகள் தேவையா? இரண்டுக்கும் இல்லை என்றால் ஆப் வேண்டாம். பால், காய்கறி, டியூஷன் சென்டர், உள்ளூர்ப் பேருந்து நேரம் போன்றவற்றுக்கு ஆப் நியாயம். எண்ணெய்க்கு நான் வேண்டாம் என்பேன்.

வேண்டும் என்று முடிவானால், படி 6இல் செய்த வெப் ஆப்பையே உறை போட்டு ப்ளே ஸ்டோரில் ஏற்றலாம். புதிதாக எழுத வேண்டாம். ப்ளே ஸ்டோரில் பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு ஆப் வேண்டும் என்று தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் தொடங்கினால் நடக்காது. எண்ணெய், துணி போன்ற கையில் தொடக்கூடிய பொருளை ஆப்பில் விற்றால் கூகுளுக்குத் தரகு கிடையாது. அந்தத் தரகு டிஜிட்டல் பொருளுக்குத்தான். இது தெரியாமல் பயந்து ஒதுங்கியவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோர் மட்டும்தான் என்பதில்லை. போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் இன்டஸ் ஆப்ஸ்டோரைத் தொடங்கியது. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் அது இருக்கிறது. சாம்சங் போன்களில் அதன் சொந்தக் கடையும் உண்டு. கூட்டம் குறைவுதான், ஆனால் அங்கே போட்டியும் குறைவு.

கடையே வேண்டாம், ஆப் கோப்பை நேரடியாக வாட்ஸப்பில் அனுப்பிவிடலாமே என்று கேட்பார்கள். ஆண்ட்ராய்டு அதையும் அனுமதிக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸப்பில் வந்த ஆப் கோப்பைத் தொட்டுக் கணக்கிலிருந்த பணத்தை இழந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். நல்ல கடைக்காரர் அனுப்பும் கோப்பைத் தொடலாம் என்று நாமே வாடிக்கையாளரைப் பழக்கிவிட்டால், அடுத்த கோப்பு யாரிடமிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது. இந்த வழியே இனி இறுகப்போகிறது: 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, ஆப் எழுதுகிறவர் யார் என்று சரிபார்க்கும் விதியைக் கொண்டுவருவதாக கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது.

படி 8: அறிவிப்பும் எஸ்எம்எஸ்ஸும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகாரக் கடைக்கு வேலை செய்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அறிவிப்பு அனுப்பும்படி சொன்னேன். விற்பனை நன்றாகவே இருந்தது. பொங்கலுக்கு மறுபடி அனுப்பியபோதுதான் தெரிந்தது, நிறையப் பேர் அறிவிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒரு வார விற்பனைக்காக ஒரு ஆண்டு உறவைச் செலவழித்துவிட்டேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

இப்போது தளமே வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு அனுப்ப ஆப் முதலில் அனுமதி கேட்டாக வேண்டும். அதற்கும் முன்பே, ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே ஆப்பின் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரிக்கலாம். ஆப் வைத்திருந்தால் இதைப் பயன்படுத்துங்கள்: “உங்கள் பார்சல்” ஒரு வகை, “சலுகை” இன்னொரு வகை. சலுகை பிடிக்காதவர் அதை மட்டும் நிறுத்துவார். பார்சல் செய்தி தொடரும். எண்ணெய்க் கடைக்கு நான் சொல்லும் கணக்கு எளிது. 5 லிட்டர் வாங்கிய குடும்பத்துக்கு எத்தனை நாளில் தீரும் என்று அவர்களின் முந்தைய ஆர்டர் தேதிகளே சொல்லும். தீர்வதற்கு நான்கு நாள் முன்னால் ஒரே ஒரு செய்தி. அதைத் தொல்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

எஸ்எம்எஸ் என்றால் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகள் உண்டு. கடை பெயரில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் (வணிகச் செய்தி அனுப்புவோருக்கான பதிவுத் தளம்) பதிவு செய்து, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். 2024 அக்டோபர் முதல் செய்திக்குள் வரும் லிங்க்கையும் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் செய்தி போகாது. இங்கேயும் சொந்த முகவரி கைகொடுக்கும். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 இடம்தான், ஆங்கிலத்துக்கு 160. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி இடம் பிடிக்கும். “எண்ணெய்” நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒரு செய்திக்கு இரண்டு செய்தியின் காசு போகும்.

படி 9: ஓஎன்டிசி

யூபிஐ பணத்துக்குச் செய்ததை வணிகத்துக்குச் செய்யும் முயற்சி இது. விற்பவர் ஒரு ஆப்பில் சேர்ந்தால், வாங்குகிறவர் வேறொரு ஆப்பில் பார்த்து வாங்கலாம். 2022 ஏப்ரலில் ஐந்து இடங்களில் சோதனை தொடங்கியபோது அவற்றில் கோவையும் ஒன்று. காங்கேயத்துக்காரருக்கு அது அதிக தூரமில்லாத ஊர். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ கட்டாயம். இதிலிருந்து உடனே பெரிய விற்பனை வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொருள்களின் பெயர், எடை, விலை, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் என்று ஒரு சீரான பட்டியல் இதற்காகத் தயாராகும். அதே பட்டியலை உங்கள் பக்கத்துக்கும் வாட்ஸப் கேட்டலாகுக்கும் அப்படியே பயன்படுத்தலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே சேரலாம்.

படி 10: எது வேலை செய்கிறது என்று எண்ணுங்கள்

ஒவ்வொரு லிங்க்கின் வாலிலும் எங்கிருந்து, எந்த வழியாக, எந்தப் பிரசாரம் என்று மூன்று குறிப்பு சேர்க்கலாம். கூகுளின் இலவச அளவீட்டுக் கருவி அதைப் படித்துப் பிரித்துக்காட்டும். ப்ளே ஸ்டோர் வழியாக ஆப் இறக்கினாலும் இந்தக் குறிப்பு கூடவே போய்ச் சேர வழி இருக்கிறது. ஆனால் போனில் அழைத்து ஆர்டர் கொடுப்பவர் எந்தக் கருவியிலும் வர மாட்டார். அதனால் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். “எங்க பாத்தீங்க?” என்று கேட்டு டின், பேனர், வாட்ஸப், தெரிந்தவர் என்று நான்கு பத்தியில் கோடு போடச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்த ஸ்டிக்கரை இன்னும் அச்சடிப்பது, எந்த விளம்பரத்தை நிறுத்துவது என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

படி 11: வாடிக்கையாளர் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள்

இவ்வளவும் செய்து சேர்த்தது கடைசியில் ஒரு பட்டியல்தான்: பெயர், எண், என்ன வாங்கினார், எப்போது, எங்கிருந்து வந்தார், செய்தி அனுப்பச் சம்மதித்தாரா. அது வாட்ஸப்புக்குள்ளோ யாரோ ஒருவரின் மென்பொருளுக்குள்ளோ மட்டும் இருந்தால், கணக்கு முடங்கும் நாளில் கடையும் முடங்கும். மாதம் ஒருமுறை ஒரு பிரதி எடுத்துக் கடவுச்சொல் போட்டுத் தனியாக வையுங்கள்.

2023இல் இந்திய நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். சின்னக் கடைக்கு இது பொருந்தாது என்று இருந்துவிடாதீர்கள். எண்ணை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் விரும்பிய எதிலுமோ படிக்க வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும். தமிழில் இரண்டு வரியாக எழுதிக் கல்லாவுக்கு மேலேயும் பக்கத்தின் கீழேயும் வையுங்கள்: “உங்கள் எண்ணை ஆர்டர் விவரம் சொல்லவும், எண்ணெய் தீரும் நேரத்தில் நினைவூட்டவும் மட்டும் பயன்படுத்துவோம். வேண்டாம் என்றால் எந்த நேரமும் சொல்லலாம்.” யாராவது அப்படிச் சொன்னால் அன்றைக்கே பட்டியலிலிருந்தும் பிரதியிலிருந்தும் நீக்கிவிட்டு, நீக்கிவிட்டோம் என்று அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்.